ஊர் ஏசி வளர்த்த மார்த்தாண்டபூபதி

எங்கள் வாகைமடை எந்தக் காரியத்துக்கும் ஒன்றுகூடியதாகச் சரித்திரம் கிடையாது. மழை வேண்டுமென்று வடக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினால், தீப்பெட்டிக் குச்சி காய வெயில் வேண்டுமென்று தெற்குத் தெரு அதே அம்மனுக்குத் தேங்காய் உடைக்கும். அம்மனும் பாவம், யார் மனதையும் நோகடிக்காமல் மப்பும் மந்தாரமுமாக வைத்துக் காலத்தை ஓட்டுவாள். அப்படிப்பட்ட ஊர் ஒரே ஒரு மனிதனை மட்டும் ஒற்றுமையாக வெறுத்தது. அவன் பெயர் மார்த்தாண்டபூபதி. அவன் எங்கள் ஊர்க்காரன் இல்லை, எந்த ஊர்க்காரனும் இல்லை. தினமும் சாயந்திரம் ஏழரை மணிக்கு டி.வி.யில் வருகிற நாடகத்தின் வில்லன்.

அவன் செய்யாத அக்கிரமம் இல்லை. கூடப்பிறந்த அண்ணனை மலையுச்சியிலிருந்து தள்ளிவிட்டு, தள்ளிய கையாலேயே அண்ணியின் கண்ணீரைத் துடைத்தான். மருமகள் குடிக்கிற பாலில் மாத்திரை கலந்தான். குலதெய்வத்தின் வைர மூக்குத்தியைக் கழற்றிக்கொண்டு அந்த இடத்தில் கண்ணாடிக் கல்லை ஒட்டிவைத்தான். இவ்வளவையும் செய்துவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு ஊஞ்சலில் உட்கார்ந்து கிருதாவைத் தடவிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு வந்ததும் ஊர் எழுந்து நிற்கும். பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரியிடம் வாங்கியதையும், வீட்டில் மாமியாரிடம் வாங்கியதையும், குழாயடியில் கொடுத்ததுபோக மிச்சமிருந்ததையும் சேர்த்து, "கரிமுடிவான், பேதியில போவான், ஏ மார்த்தாண்டபூபதி, நீ வெளங்குவியால!" என்று பெண்கள் வாசல்வரை வந்து கத்துவார்கள். ஆண்களும் கத்துவார்கள், கொஞ்சம் உள்ளே நின்று.

கத்தாத ஒருத்தி செண்பகவல்லி. அவளுக்கு ஏசத் தெரியாது. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அளவு மாற்றிச் சொன்னவர்கள் சண்டைக்கு வந்தாலும் "பிரிச்சுத் தாரேன்க்கா" என்றுதான் சொல்லுவாள். அவளுக்கு முதலில் பிறந்த பிள்ளையும் தங்கவில்லை, அடுத்ததும் தங்கவில்லை. இரண்டும் கண்ணைப் பறிக்கிற அழகு. பார்க்க வந்தவர்களெல்லாம் தங்கம், பவுன், சிலை என்று சொல்லிச் சொல்லிக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். பிறகு அதே ஆட்கள் வந்து "விதி" என்றார்கள், "சாமிக்குப் பிடிச்சுப் போச்சு" என்றார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு சொல் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் நடந்தால் ஈரத்தரையில் கால்தடம் விழுவதில்லை என்பதைப் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் கண்டுபிடித்தாள். ஆள் அவ்வளவு லேசாகப் போயிருந்தாள்.

மூன்றாவது பையன் பிறந்தபோது செண்பகவல்லி அவனைச் சரியாக ஏறிட்டுப் பார்க்கவே பயந்தாள். பஞ்சுத் திரி மாதிரி இருந்தான். மேலே காற்றாடியைப் போட்டால் தொட்டில் சேலை தானாக ஆடியது, உள்ளே பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

பெயர் வைக்கிற நாள் வந்தது. பிள்ளை தங்காத வீட்டில் எடுப்பாகப் பெயர் வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிச்சை என்று வைப்பார்கள், குப்பை என்று வைப்பார்கள், மண்ணாங்கட்டி என்றுகூட வைப்பார்கள். உயிரைக் கொண்டுபோக வருகிறவன் பெயரைக் கேட்டதுமே முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவான் என்று கணக்கு. செண்பகவல்லியின் புருஷன் சுடலைமுத்து மைக்செட் கடை வைத்திருந்தவன், நாலு ஊர்க் கல்யாணம் பார்த்தவன், அவனுக்கு மட்டும் 'ஷ்' என்று முடிகிற பெயர் வைக்க ஆசை. 'ஷ்' இல்லாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

இசக்கியம்மாள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு குறுக்கே வந்தாள். அவள் ஏசி ஒரு முருங்கைமரம் பட்டுப்போனது என்று ஊரில் பேச்சு உண்டு. அவளும் அதை மறுத்ததில்லை.

"ஷ்ஷுன்னு வைக்கதுக்கு இவன் என்ன குக்கரா? அழகா வச்சா இவனும் போயிருவான், பாத்துக்க."

"அப்போ பிச்சைன்னு வைப்பமா, யக்கா?" என்றாள் செண்பகவல்லி.

"பேங்கு மேனேசரு பேரு பிச்சை. நாம போய்க் கையக் கட்டிக்கிட்டு நிக்கோம். குப்பைங்கவன் கவுன்சிலரு. மண்ணாங்கட்டி மகளுக்குப் போன மாசம் ஊரே வாயப் பொளக்கக் கல்யாணம் நடந்துச்சு. இதெல்லாம் இப்ப மரியாதைப் பேராயிட்டு, ஏட்டி. இன்னிக்குத் தேதிக்குக் கேட்டதும் காறித் துப்புத மாதிரி பேரு இந்த ஊருல ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு."

அவள் அந்தப் பெயரைச் சொன்னதும் சுடலைமுத்து கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். "எம் பிள்ளைக்கு அந்தப் பயபுள்ள பேரா? கடைக்கு ஒருத்தன் வருவானா?" என்று குதித்தான். செண்பகவல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், பேரு எப்படியிருந்தா என்ன? கூப்பிட்டா 'என்ன'ன்னு கேக்கதுக்குப் பிள்ள இருந்தாப் போதும்" என்றாள். அவன் டம்ளரை எடுத்து மிச்சக் காபியைக் குடித்தான். பிள்ளையின் காதில் மூன்று தடவை அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

அன்று சாயந்திரம் டி.வி.யில் மார்த்தாண்டபூபதி அண்ணன் மகளின் தாலியை அடகு வைத்தான். ஊர் எழுந்து நின்றது. "ஏ மார்த்தாண்டபூபதி, நாசமாப் போறவனே!" என்று வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் சேர்ந்து கத்திய அதே நொடியில், செண்பகவல்லி வீட்டுத் தொட்டில் கீழே இறங்கியது. உத்தரம் முனகியது. அவள் ஓடிப்போய்ச் சேலையை விலக்கினாள். காலையில் பஞ்சுத் திரியாக இருந்தவன் கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து, பழுத்த பூசணி மாதிரி படுத்துக்கொண்டு பொக்கைவாய் திறந்து சிரித்தான். தூக்கினாள். கை வலித்தது. கை வலித்த சந்தோஷத்தில் அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

இது எப்படி என்று யாராவது கேட்டார்களா என்றால், கேட்டார்கள், ஒருநாள். பூசாரி ஒன்று சொன்னார், டாக்டர் ஒன்று சொன்னார், இரண்டு பேரும் காசு வாங்கவில்லை என்பதால் ஊர் இரண்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏச ஏச உடம்பு வைக்கிறான், கொஞ்சினால் லேசாகிவிடுகிறான், அவ்வளவுதானே. மாத்திரை சாப்பிடுகிற பிள்ளையெல்லாம் இல்லையா என்று பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். எடை பார்க்க வந்த நர்சம்மா மட்டும் தெரியாமல் "அட, எவ்வளவு அழகு!" என்று சொல்லிவிட்டாள். பிள்ளை தராசுத் தட்டிலிருந்து ஒரு சாண் மேலே எழும்பி நின்றான். அவள் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவள், எதற்கும் பதறமாட்டாள். "தராசு ரிப்பேர்" என்றாள். அடுத்த தடவை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எங்க அந்த எருமைமாடு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

சுடலைமுத்து கதவில் 'இங்கே குழந்தையைக் கொஞ்சாதீர்' என்று பெயிண்டால் எழுதி வைத்தான். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் பாக்கெட்டோடு ஒரு வசவும் கொண்டுவருவது மரியாதை என்றாயிற்று. வடக்குத் தெரு வசவு எதுகை மோனையோடு நீளமாக இருக்கும், தெற்குத் தெருவினுடையது சின்னதாக, சுருக்கென்று இருக்கும். எது பிள்ளைக்கு நன்றாகச் செரிக்கிறது என்று இரண்டு தெருவுக்கும் போட்டி வந்தது. வெளியூர்ச் சம்பந்திகள் வந்தால் அவர்கள் ஊர் வசவைக் கேட்க வாசலில் கூட்டம் நின்றது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியம்மா சொன்ன வசவு இரண்டு நாள் பால் இல்லாமலே பிள்ளையைத் தாங்கியது. ஒருவர் தன் கன்றுக்குட்டியும் பெருக்கட்டும் என்று அதற்கும் மார்த்தாண்டபூபதி என்று பெயர் வைத்துப் பார்த்தார். அது இளைத்ததுதான் மிச்சம். கன்றுக்குட்டியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு யாருக்கும் ஏச வரவில்லை.

பிள்ளையை ஏசாதவள் அவனைப் பெற்றவள் மட்டும்தான். அவளுக்கு வாய் வராது. பெயரையும் சொல்லமாட்டாள், கொஞ்சவும் மாட்டாள், வாயை இறுக்கி மூடிக்கொண்டு பால் கொடுப்பாள். "அவளுக்குப் பதிலா நாங்க ஏசுதோம்" என்று ஊர் பொறுப்பேற்றுக்கொண்டது. ஏழரை மணி நாடகம் இருக்கிறவரை பிள்ளைக்குக் குறை வராது என்று எல்லாருக்கும் நிம்மதி.

நாடகம் எழுதுகிற புண்ணியவானுக்கு என்ன தோன்றியதோ, ஒருநாள் மார்த்தாண்டபூபதியைத் திருத்திவிட்டார்.

ஜெயிலுக்குப் போனவன், செத்துப்போன தாயின் படத்தைப் பார்த்துத் தேம்பினான். மூக்குத்தியைக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்தான். எந்த மருமகளுக்குப் பாலில் மாத்திரை கலந்தானோ அவளுக்கே தன் கிட்னியைக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெளுத்துப்போய்ப் படுத்துக்கொண்டு, "என்னை மன்னிக்க வேண்டாம்மா, நீ நல்லா இருந்தால் போதும்" என்றான். வாகைமடை மூக்கைச் சிந்தியது. மேஸ்திரியே அழுதார். இசக்கியம்மாள் டி.வி. பெட்டியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கி, "தங்கம்யா நீ! ஏ மார்த்தாண்டபூபதி, நீ நல்லா இருக்கணும்யா, என் ராசா!" என்று வாய்விட்டு வாழ்த்தினாள். பக்கத்து வீட்டில் தொட்டில் சேலை தளர்ந்தது. பிள்ளை மெல்ல எழும்பி உத்தரத்தில் முட்டிக்கொண்டு கிடந்தான்.

காற்றாடியை நிறுத்தினார்கள். அரைஞாண் கயிற்றில் கயிறு கட்டி அம்மிக்கல்லோடு பிணைத்தார்கள். ஒன்றுக்கு இரண்டு இருக்கட்டும் என்று சுடலைமுத்து மைக் ஒயரை எடுத்துப் பிள்ளையின் கணுக்காலிலும் கட்டினான். இசக்கியம்மாள் வாயில் அடித்துக்கொண்டு வந்து, "தெரியாமச் சொல்லிட்டேன், ஏட்டி" என்று நின்றாள். ஆனால் நாடகம் விடுவதாயில்லை. மறுநாள் அண்ணி மன்னித்தாள். அதற்கடுத்த நாள் மலையிலிருந்து விழுந்த அண்ணன் சாகவில்லை என்று தெரிந்து, அவனும் வந்து கட்டிக்கொண்டான். மார்த்தாண்டபூபதியின் கண்களுக்கு இவ்வளவு கருணை எங்கே இருந்தது என்று ஊர் வியந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தீப்பெட்டி ஆபீசுப் பெண்களெல்லாம் விடுப்புப் போட்டுவிட்டு, அவன் ஆபரேஷன் காயம் ஆற வேண்டுமென்று அம்மனுக்குப் பொங்கல் வைத்து, அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தார்கள். இவ்வளவு நடந்தும் அந்தப் பெயரில் இன்னொருத்தன் ஊருக்குள் இருக்கிறான் என்பது ஒருத்திக்கும் நினைவில்லை. பூசாரி கற்பூரத்தட்டை உயர்த்தி "மார்த்தாண்டபூபதி நாமதேயஸ்ய" என்று சொல்லி முடிக்கவும் செண்பகவல்லி வீட்டில் அரைஞாண் அறுந்தது. பிள்ளை ஓட்டுச் சந்து வழியாக வெளியே போனான்.

கோயில் வாசலில் நின்றவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். முண்டக்கட்டையாக, பொக்கைவாயோடு, காலை வெயிலில் மினுமினுவென்று தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அவன் போய்க்கொண்டிருந்தான். கீழே ஒயர் சுருள் சுருளாக அவிழ, சுடலைமுத்து அதைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடினான். கடைசிச் சுருளும் முடிந்து ஒயர் விறைப்பாக நின்றது. நடுவில் ஒரு இடத்தில் கறுப்பு டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தது. போன வருஷக் கல்யாணத்தில் மாடு மிதித்த இடம். டேப் லேசாகப் பிரிய ஆரம்பித்ததை அவன் பார்த்தான். இழுக்கவும் பயம், விடவும் பயம், அப்படியே நின்றான்.

ஊர் ஓடிவந்து கீழே கூடியது. கோயிலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரை மேலே திருப்பினார்கள். மைக்கை ஆளுக்கு ஆள் பிடுங்கி ஏசினார்கள். வடக்குத் தெரு எதுகை மோனையோடு ஏசியது, தெற்குத் தெரு சுருக்கென்று ஏசியது, நர்சம்மா எருமைமாடு என்றாள். ஆனால் வசவுக்குள்ளே சூடு இல்லையென்றால் அது வெறும் சத்தம்தானே? மாதக்கணக்காக ஏசி ஏசியே அந்தப் பிள்ளைமேல் எல்லாருக்கும் உயிராகிப் போயிருந்தது. இசக்கியம்மாள் மைக்கை வாங்கினாள். முருங்கையைப் பட்டுப்போக வைத்த வாய். அவள் மேலே பார்த்தாள், பிள்ளை அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"ஏ எடுபட்ட..." என்று தொடங்கியவள் உடைந்துபோனாள். "என் செல்லம்லா, என் ராசால்லா, எறங்கி வந்துரு சாமி..."

ராசாவுக்கு ஒரு முழம், சாமிக்கு ஒரு முழம், பிள்ளை மேலே போனான். டேப் இன்னொரு சுற்று பிரிந்தது. சுடலைமுத்து, "யக்கா, மைக்கக் கீழ வையி!" என்று அலறினான்.

அப்போதுதான் செண்பகவல்லி வந்து சேர்ந்தாள். ஓடிவரவில்லை. நடந்துதான் வந்தாள், புழுதியில் தடமே இல்லாமல். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் மேலே பார்த்தாள். இதே மாதிரி ஒரு காலையில் முன்பு இரண்டு தடவை நின்றிருக்கிறாள். அப்போதும் ஊர் இப்படித்தான் சுற்றி நின்றது, அவள் தலையாட்டினாள். இந்தத் தடவை அவள் தலை ஆடவில்லை. மைக்கைக் கையில் எடுத்தாள். குழாய் ஒரு தடவை கீச்சிட்டது.

"ஏலேய்!"

காகங்கள் தொட்டியை விட்டு எழும்பின.

"ஏ மார்த்தாண்டபூபதி! கரிமுடிவான்! எங்கல போற? யாரக் கேட்டுல போற? ஒனக்கு முன்ன ரெண்டு பேரு இப்படித்தான் சொல்லாமக் கொள்ளாமப் போனானுவ, அவனுவள நான் ஒத்தச் சொல்லு ஏசல. ஏசியிருக்கணும்! சட்டையப் பிடிச்சு இழுத்து ஏசியிருக்கணும்! விதியாம் விதி, அந்த விதி பேதியில போக! சாமிக்குப் பிடிச்சிருந்தா சாமி பெத்துக்கிட வேண்டியதுதான, எம் பிள்ளதான் கெடச்சுதா அதுக்கு? பெத்தவ இங்க வெயில்ல நிக்கேன், நீ அங்கன காத்துகூடச் சிரிச்சிக்கிட்டுத் திரியுதியா? வெளங்காத மூதி! பாலு கட்டிக்கிட்டு எனக்கு நெஞ்சு வலிக்குதுல, நாசமாப் போறவனே! கீழ எறங்கி வந்து எம் மடியில மோளுல, சவத்து மூதி!"

சொல்லி முடிப்பதற்குள் டேப் அறுந்தது. ஆனால் பிள்ளை மேலே போகவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றான், முகம் கோணி முதல் தடவையாக வீறிட்டு அழுதான், அப்புறம் குலையிலிருந்து தேங்காய் விழுகிற மாதிரி நேராகக் கீழே வந்தான். அவள் முந்தானையை விரித்தாள். விழுந்த வேகத்தில் இரண்டு பேரும் புழுதியில் உட்கார்ந்துவிட்டார்கள். அவன் அழுகையை நிறுத்தினான், அவளைப் பார்த்தான், சொன்ன சொல் தட்டாமல் மடி நனைய மோண்டான். வாகைமடை விசிலடித்துக் கைதட்டியது. இசக்கியம்மாள் அழுதுகொண்டே, "என்னா வாயி இவளுக்கு, எங்க ஒளிச்சு வச்சிருந்தா?" என்று எல்லாரிடமும் கேட்டாள்.

அந்த நாடகம் ஒருவழியாக முடிந்தது. வேறு நாடகமும் வேறு வில்லனும் வந்தார்கள், ஊர் அவனையும் ஏசியது, ஆனால் பிள்ளைக்கு ஊர்ச் சாப்பாடு தேவைப்படவில்லை. காலையில் எழுந்தால் செண்பகவல்லி தொடங்கிவிடுவாள். பல் விளக்கும்போது ஒன்று, குளிப்பாட்டும்போது ஒன்று, ரவிக்கைத் துணியில் அவன் மை கொட்டினால் நீளமாக ஒன்று. அளவு மாற்றிச் சொல்லிவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்களுக்கும் அதிலேயே கொஞ்சம் கிடைத்தது. தையல் கூலி உயர்ந்ததும் அப்போதுதான்.

பையனுக்குக் கால் நின்றது, நடை வந்தது, பேச்சு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. அவன் முதலில் அம்மா என்பானா அப்பா என்பானா என்று இரண்டு தெருவும் பந்தயம் கட்டியிருந்தன. ஒருநாள் காலையில் செண்பகவல்லி வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். அவன் பாலுக்காக முந்தானையைப் பிடித்து இழுத்தான். "இருல, வாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். அவன் இடுப்பில் கைவைத்து நின்று, அவளை மேலும் கீழும் பார்த்து, வாயைத் திறந்தான்.

"மூதி!" என்றான்.

கேட்டுக்கொண்டிருந்த இசக்கியம்மாள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். செண்பகவல்லி சிரிக்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அடி எடுத்துவைத்தாள், திரும்பிப் பார்த்தாள். ஈர மண்ணில் ஐந்து விரலும் குதிகாலும் அழுத்தமாகப் பதிந்து கிடந்தன. எத்தனையோ நாளைக்கு அப்புறம் தரை அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அவள் அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னொருக்க ஏசு" என்றாள்.